மணற்குவியலும் நெற்குவியலும்
பேர் பாக் எழுதிய ‘இயற்கை இயங்கும் விதம்’ என்னும் நூலைக் குறித்து ஒரு திறனாய்வு

அறுவடைக் காலத்திலே செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திற்குச் சென்றவர்கள் இக்காட்சியைக் கண்டிருப்பர். மூட்டையை அவிழ்த்து நெல்லைத் தரையிற் கொட்டுகின்றனர். முதலில் அது பரவுகிறது, பின்னர்க் குவிகிறது, ஓரளவுக்குமேல் அதன் சரிவு செங்குத்தாவதில்லை. மேன்மேலும் கொட்டக் கொட்டப் பக்கங்களில் வழிந்து, குவியல் தன் சரிவைத் தானே காத்துக்கொள்ளுகிறது. ஒரு பிடி நெல்லுக்குச் சில வேளை நான்கு மணிகள் மாத்திரம் உருளும். சில வேளை ஒரு பக்கம் முழுவதும் இறங்கிவிடும். எந்தப் பிடி எதைச் செய்யும் என்று ஆண்டுக்கணக்கில் அத்தொழிலைச் செய்பவரும் முன்கூட்டிச் சொல்லார்.

இக்காட்சியையே கருவாகக் கொண்டு எழுந்த நூலொன்றை, செஞ்சியைச் சுற்றி ஊழியஞ்செய்யும் குருமார் சிலர் கூடி வாசித்தோம். டென்மார்க் நாட்டு இயற்பியலறிஞர் பேர் பாக் 1996-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட இந்நூல் புதியதன்று. ஆசிரியரும் 2002-இல் மறைந்துவிட்டார். ஆயினும் அண்மைக் காலத்தில் இறையியல் மாணவர் கட்டுரைகளிலும் பிரசங்கங்களிலும் ‘தன்னமைவு’, ‘மாறுநிலை’ என்னுஞ் சொற்கள் தலைகாட்டத் தொடங்கியுள்ளன. அவற்றின் ஊற்று இந்நூலே. ஆகவே இதைக் கருத்தூன்றி மதிப்பிடுவது நம் கடமையாயிற்று.

நூலின் அடிப்படை 1987-இல் வெளியான ஒரு சிறு ஆய்வுரை. பாக், சாவ் டாங், கர்ட் வீசன்ஃபெல்டு ஆகிய மூவரும் அமெரிக்காவிலுள்ள புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் இருந்தபோது அதனை எழுதினர். கணிப்பொறியில் அவர்கள் அமைத்த மணற்குவியல் மிக எளியது. சதுரங்கப் பலகைபோற் கட்டங்கள் பல. ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று மணிகள்வரை இருக்கலாம். நான்காவது மணி விழுந்தால் அக்கட்டம் சரிந்து, தன் நான்கு மணிகளையும் நான்கு பக்கத்து அண்டைக் கட்டங்களுக்கு ஒவ்வொன்றாய்க் கொடுத்துவிடும். ஓரத்துக் கட்டமாயின் வெளியே செல்லும் மணி பலகையை விட்டே போய்விடும். பெற்றுக்கொண்ட அண்டைக் கட்டத்தில் நான்கு சேர்ந்தால் அதுவும் சரியும். எல்லாம் அடங்கிய பின்னரே அடுத்த மணியைப் போட வேண்டும். விதி இவ்வளவே.

விளைவோ வியப்பிற்குரியது. மணிகளை ஒவ்வொன்றாய்ப் போட்டுக்கொண்டே இருந்தால், குவியல் ஒரு நிலைக்கு வந்து சேர்கிறது. அந்நிலையில் ஒரே ஒரு மணி ஒன்றையும் அசைக்காமலும் இருக்கலாம். பலகை முழுவதையும் குலுக்கியும் விடலாம். சிறு சரிவுகள் மிகப் பல. பெருஞ் சரிவுகள் சில. இவ்விரண்டிற்கும் இடையே ‘இதுவே இயல்பான அளவு’ என்று சுட்டத்தக்க ஓர் அளவு இல்லை. நிலநடுக்கங்களிலும் இத்தகைய ஒழுங்கைக் காண்கிறோம்: ரிக்டர் அளவில் ஓர் எண் ஏற ஏற, நிகழும் எண்ணிக்கை ஏறத்தாழப் பத்தில் ஒன்றாகக் குறைகிறது. இதனை அடுக்கு விதி என்பர்.

நம் பள்ளிப் பாடநூல்களில் ‘மாறுநிலை வெப்பநிலை’ என்னும் சொல் வரும். நீரும் நீராவியும் வேற்றுமை இழக்கும் அந்நிலையை எய்த, வெப்பத்தை 374 பாகைக்கு அருகிலும் அழுத்தத்தை அதற்குரிய அளவிலும் கவனமாய் நிறுத்த வேண்டும். சிறிது விலகினாலும் அந்நிலை கலைந்துபோம். மணற்குவியலோ, திருகி நிறுத்துவார் ஒருவருமின்றி மாறுநிலைக்குத் தானே வந்து சேர்கிறது. ஆகையால் பாக் இதற்குத் ‘தானாய் அமையும் மாறுநிலை’ என்று பெயரிட்டார். நிலநடுக்கம், உயிரினங்களின் அழிவு, பங்குச் சந்தையின் வீழ்ச்சி, சாலை நெரிசல், மூளையின் இயக்கம் யாவும் இதே மாறுநிலையில் நிற்பனவே என்பது அவர் துணிபு. நூலின் தலைப்பே அத்துணிபை உரக்கக் கூறுகிறது.

நூலின் சிறப்பை முதலிற் கூறிவிடுவோம். பெரிய விளைவுக்குப் பெரிய காரணம் இருந்தே தீரவேண்டும் என்று மனிதமனம் எண்ணிப் பழகியிருக்கிறது. பேரழிவு நேர்ந்தால் பெருங்குற்றவாளியைத் தேடுகிறோம். அரசு வீழ்ந்தால் துரோகியைத் தேடுகிறோம். நாலு மணியை உருட்டிய நெல்லும், குவியலின் ஒரு பக்கத்தையே இறக்கிய நெல்லும் ஒரே வகை நெல்தான். வேறுபாடு விழுந்த மணியில் இல்லை, விழுந்த வேளையில் குவியல் முழுவதும் இருந்த நிலையில் இருந்தது என்று பாக் காட்டும் இடங்கள் உயர்ந்தவை. நடந்ததை நடந்தபின் கதையாய்ச் சொல்லலாம், ஆனால் அக்கதை அடுத்த சரிவை முன்னறிவிக்காது என்னும் அவர் வாதமும் வரலாறு கற்பிப்போர் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. செஞ்சிக் கோட்டை மொகலாயரை 1690 முதல் 1698 வரை எட்டு ஆண்டுகள் தடுத்து நின்றது. 1714-இல் ஆர்க்காட்டு நவாபுடன் நேர்ந்த போரிலோ தேசிங்கு ராஜன் என நம் மக்கள் அழைக்கும் தேஜ் சிங் ஒரே நாளில் மாண்டு, கோட்டையும் கைமாறிற்று. எட்டாண்டுக்கு ஒரு காரணமும் ஒரு நாளுக்கு ஒரு காரணமும் கூறுவது எளிது. இரண்டையும் ஒரே கோட்டை கண்டது என்பதே நம்மைச் சிந்திக்கச் செய்ய வேண்டும்.

இனிக் குறைகளுக்கு வருவோம்.

1987-இன் ஆய்வுரை தன் தலைப்பிலேயே ஒரு வாக்குறுதி அளித்தது. மின்கருவிகளின் இரைச்சல் முதல் விண்மீன்களின் ஒளி ஏற்றத்தாழ்வுவரை பலவிடத்துங் காணப்படும் ஒருவகை இரைச்சலை இக்குவியல் விளக்கும் என்பதே அது. இரண்டாண்டுகளுக்குள், அம்மாதிரிக் குவியல் அவ்வகை இரைச்சலைத் தரவில்லை, வேறொரு வகையையே தருகிறது என்று மற்றவர்கள் கணக்கிட்டுக் காட்டினர். ஒரு கோட்பாடு பிறந்த காரணமே பிழைபட்டும் கோட்பாடு வாழ்வதுண்டு, அதில் இழிவில்லை. ஆனால் 1996-இல் நூல் எழுதுகையில் முதல் வாக்குறுதிக்கு நேர்ந்ததை நின்று நிதானமாய்ச் சொல்லியிருக்கலாம். நூலின் நடையோ வெற்றிப் பவனியின் நடையாகவே இருக்கிறது.

மெய்யான மணல் என்ன சொல்லிற்று? 1989-இல் சிகாகோவில் ஜேகர், லியூ, நேகல் ஆகியோர் மெய்யான மணிகளைக் கொண்டே சோதித்தனர். அடுக்கு விதியை அவர்கள் காணவில்லை. குவியல் ஓரளவு செங்குத்தாகி, பின் ஒரேயடியாய்ச் சரிந்து, மறுபடியும் செங்குத்தாகி, ஏறத்தாழ ஒழுங்கான இடைவெளியிற் பெருஞ் சரிவுகளே நேர்ந்தன. கணிப்பொறியின் மணிக்கு எடை இல்லை, வேகம் இல்லை. மெய்யான மணலோ உருளத் தொடங்கினால் தன் வேகத்தினாலேயே மேலும் உருள்கிறது. அந்த வேறுபாடு எல்லாவற்றையும் மாற்றிவிட்டது.

மணலுக்கு உதவாத விதி அரிசிக்கு உதவிற்று என்பது செஞ்சி வட்டாரத்தார்க்கு இனிப்பான செய்தி. 1996-இல் நார்வே நாட்டு ஓஸ்லோவில் ஃப்ரெட்டே, கிறிஸ்டென்சன் முதலியோர் இரு கண்ணாடிப் பலகைகளுக்கிடையே அரிசியை மெல்ல மெல்லச் சொரிந்து, ஒவ்வொரு சரிவையும் படம்பிடித்து அளந்தனர். நீண்ட அரிசி தானாய் அமையும் மாறுநிலையைக் காட்டிற்று. குறுகிய, உருண்டைப் பாங்கான அரிசி காட்டவில்லை. நீண்ட மணி சறுக்கினாலும் விரைவில் உராய்ந்து நின்றுவிடுகிறது, வேகம் சேர்வதில்லை. அப்படியாயின், ‘இயற்கை’ இயங்கும் விதம் மணியின் வடிவத்தையும் பொறுத்ததாயிற்று! பாக் இச்சோதனையை மகிழ்ச்சியோடு தம் நூலில் எடுத்தாளுகிறார். அது தம் தலைப்பை எவ்வளவு சுருக்கிவிடுகிறது என்பதில்தான் போதிய கவனம் செலுத்தவில்லை. சீரகச் சம்பாவுக்கும் குண்டு நெல்லுக்கும் வேறுபாடு உண்டென்று நம் வீட்டுப் பெண்கள் அறிவர். உலகளாவிய விதி எழுதுவோரும் அதை அறிந்திருக்க வேண்டும்.

இதைவிட முக்கியமான குறையொன்று உண்டு. கணிப்பொறி செய்துகாட்டுவதற்கும் கோட்பாடு நிறுவுவதற்கும் உள்ள தொலைவை நூல் போதுமான அளவு காட்டவில்லை. கணிப்பொறியில் இலட்சம் மணிகளைப் போட்டுச் சரிவுகளை எண்ணி வரைந்தால், புள்ளிகள் ஒரு நேர்கோட்டில் அமைவதுபோல் தோன்றும். பலகை பெரிதானால் அந்தக் கோடு சிறிது வளைகிறது. இன்னும் பெரிதானால் இன்னும் சிறிது. எவ்வளவு பெரிய பலகையாயினும் அதற்கு ஓரம் உண்டு. அவ்வோரத்தின் நிழல் கணக்கிலும் விழுகிறது. ‘இதுதான் விதி’ என்று சொல்லும் உரிமை கண்ணளவிற்கு இல்லை.

அவ்வுரிமையை முயன்று ஈட்டியவர் நம் நாட்டவர். மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்த தீபக் தர் 1990-இல், இக்குவியலில் சரிவுகளை எந்த வரிசையிற் செய்தாலும் முடிவு ஒன்றே என்று நிறுவினார். முதலில் இந்தக் கட்டம் சரிந்து பின்னர் அந்தக் கட்டம் சரியலாம். அன்றி மாறியும் நடக்கலாம். இறுதி அமைப்பு மாறாது. வரிசையால் முடிவு மாறாத இத்தன்மைக்குக் கணிதர் நார்வே நாட்டு ஆபெலின் பெயரை வைத்துள்ளனர். இருபத்தாறு வயதில் மாண்ட அந்த மேதை ஒரு லுத்தரன் குருவானவரின் மைந்தர் என்பதை இங்கே ஒரு வார்த்தை சொல்லிச் செல்வோம்.

இந்த ஒரு திறவுகோலால் பல கதவுகள் திறந்தன. இரண்டுக்கு இரண்டாக நான்கே கட்டங்கள் கொண்ட பலகையில் மணிகள் அமையக்கூடிய விதங்கள் 256. நெடுங்காலம் மணி போட்டுக்கொண்டிருந்தால் அவற்றுள் 192 மாத்திரமே மீண்டும் மீண்டும் வரும். ஏனைய 64 ஒருமுறை நீங்கினால் திரும்ப வாரா. வருகின்ற 192-உம் ஒன்றுக்கொன்று உயர்வு தாழ்வின்றி ஒரே வாய்ப்புடன் வரும். மூன்றுக்கு மூன்றான பலகையில் 2,62,144 அமைப்புகளில் 1,00,352 எஞ்சும். எவ்வளவு பெரிய பலகைக்கும் இவ்வெண்ணைத் தரின் சூத்திரம் தரும். அடுத்த ஆண்டு அவரும் மஜும்தாரும் சேர்ந்து, மிகப் பெரிய பலகையில் ஒரு கட்டம் வெறுமையாயிருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 7.4 என்பதைச் சோதனையாலன்றிக் கணக்காலேயே கண்டனர். ஒரு கட்டத்தின் சராசரி மணி எண்ணிக்கை 17-ஐ 8-ஆல் வகுத்த ஈவு என்பதைக் கணிப்பொறி நெடுநாள் முன்பே குறிப்பாய்க் காட்டியிருந்தும், அதற்கு நிரூபணம் 2011-ஆம் ஆண்டிற்றான் கிட்டிற்று. இத்தனைக்கும் பிறகு, நூல் முழுவதற்கும் உயிர்நாடியான கேள்வி, அதாவது தட்டையான பலகையில் சரிவுகளின் அடுக்கு விதியிலுள்ள எண் யாது என்பது, இன்றளவும் நிரூபணத்தோடு விடை காணப்படாமலே இருக்கிறது. 2022-இல் தருக்குப் போல்ட்ஸ்மன் பதக்கம் அளிக்கப்பட்டது. அதைப் பெற்ற முதல் இந்தியர் அவரே. அவர் எழுத்துகளில் நாம் கண்ட பண்பு யாதெனில், நிறுவியது இது, நம்புவது இது, இன்னும் அறியாதது இது என்று மூன்றையும் மூன்று கலத்தில் வைப்பது. பாக் மூன்றையும் ஒரே கலத்திற் கொட்டிவிடுகிறார். கொட்டும் அழகிலே நாமும் சற்று மயங்கினோம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

‘தானாய்’ என்னும் சொல்லைக் குறித்தும் ஒன்று கூறவேண்டும். நம் வாசிப்பில் மிகுந்த வாதத்தை எழுப்பியது அதுவே. தானாய் அமைகிறது எனில் அமைப்பவர் வேண்டியதில்லை என்று ஒரு சாரார் களிக்கின்றனர். அதைக் கேட்டு மற்றொரு சாரார் அஞ்சுகின்றனர். இருவரும் விதியைப் படிக்கவில்லை. மணி மிக மெதுவாக விழவேண்டும். ஒரு சரிவு முற்றும் ஓய்ந்த பின்னரே அடுத்தது விழவேண்டும். ஓரம் திறந்திருந்து மிகுதி வெளியேற வேண்டும். இம்மூன்றில் ஒன்று தவறினும் மாறுநிலை அமையாது. ஓரத்தை அடைத்துவிட்டால் குவியல் ஓயாது சரிந்துகொண்டே இருக்கும். ஆகவே ‘தானாய்’ என்பது ‘எவ்வித ஏற்பாடுமின்றி’ என்று பொருள்படாது. ‘ஏற்பாட்டை நுணுக்கமாய்த் திருத்திக்கொண்டிருக்கத் தேவையின்றி’ என்றே பொருள்படும். இதனைக்கொண்டு சிருஷ்டிகரை மறுப்பதும் ஆகாது, நிறுவுவதும் ஆகாது. குவியலைச் சிருஷ்டிப்புக்குச் சான்றாக்க முயன்ற மாணவர் கட்டுரையொன்றையும் நாம் கண்டோம்; மறுப்பவரின் பிழையையே அவர் மறுபக்கமாய்ச் செய்திருந்தார்.

நூலுக்கு எதிர்வாதம் செஞ்சியிலேயே நிற்கிறது. ராஜகிரியின் அடிவாரத்தில், கலியாண மகாலுக்கு அருகே தடித்த சுவரும் வளைந்த கூரையுமுடைய களஞ்சியத்தைக் கண்டிராதவர் நம்முள் இரார். தண்ணீரை ஒரு தொட்டியில் உயர நிரப்பினால் அடித்தளத்தின் அழுத்தம் உயரத்தோடு ஏறிக்கொண்டே போகும். தானியத்தில் அப்படியன்று. 1895-இல் ஜான்சன் என்னும் ஜெர்மானியப் பொறியாளர், உயர்ந்து ஒடுங்கிய தானியக் கூண்டில் ஓரளவு உயரத்துக்குமேல் எவ்வளவு நிரப்பினாலும் அடித்தளத்தின் அழுத்தம் ஏறக்குறைய மாறாது என்பதை அளந்தும் கணக்கிட்டும் காட்டினார். மிகுந்த பாரத்தை உராய்வின்மூலம் சுவர்கள் ஏற்றுக்கொள்ளுகின்றன. மணிகளுக்குள்ளேயே வளைவுகள் அமைந்து, சில மணிகள் பெரும்பாரம் சுமக்க, அவற்றின் அண்டை மணிகள் சுமையே அறியாமல் கிடக்கும். குவியல் சரிவதை மட்டும் பார்த்த பாக், குவியல் நிற்பதைப் பார்க்கவில்லை. ஆனால் கிடக்கும் தானியம் தன் பாரத்தை எவ்வழியே பங்கிட்டுக்கொள்கிறது என்பதே இன்று கோட்பாட்டாளரும் கணிப்பொறியாளரும் கைகோத்து உழைக்கும் கடினமான கேள்விகளுள் ஒன்று. அதற்கு ஒரே விதியால் விடை தர எவரும் முன்வரவில்லை.

மேடையில் இவையெல்லாம் எதற்கு என்று வினவக்கூடும். 2024 நவம்பர் இறுதியில் வந்த ஃபெஞ்சல் புயலின்போது நம் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ.-க்கும் மிகுந்த மழை பெய்தது. டிசம்பர் 1-ஆம் நாள், செஞ்சிக்கு மேற்கே திருவண்ணாமலையில் மலைச்சரிவிலிருந்து மண்ணும் பாறையும் இறங்கி, அடிவாரத்து வீடொன்றை மூடின. பிள்ளைகள் உட்பட எழுவர் மாண்டனர். செஞ்சி மலைகளிலும் பாறைமேற் பாறை அப்படியே அமர்ந்திருக்கிறது. அன்றிரவு நம் சபை மக்கள் பலர் உறங்கவில்லை. அடுத்த ஞாயிறுகளில் நாம் கேட்டவை இரு வகை. அவ்வூரின் வழிபாட்டைச் சுட்டி, இது நியாயத்தீர்ப்பு என்ற குரல் ஒன்று. நாணினோம். சீலோவாமில் கோபுரம் விழுந்து மாண்ட பதினெட்டுப் பேரைப் பற்றி ஆண்டவர் கேட்ட கேள்வி லூக்கா 13-இல் இருக்க, அதே நூலைக் கையிலேந்திக்கொண்டு இவ்வாறு பேச எப்படி நாவெழுந்தது? பெருஞ் சரிவு பெருங்குற்றத்தின் சான்றன்று என்பதை ஒரு குருவானவர் பாக்கிடமிருந்து கற்க வேண்டியதில்லை. எனினும் அங்கிருந்தேனும் கற்றால் நலம்.

மற்றக் குரல், இந்நூலையோ இதன் சாரத்தையோ எங்கோ வாசித்திருந்த இளைஞருடையது. குவியல் சரியத்தான் செய்யும், இது இயற்கையின் விதி, எவர்மீதும் பொறுப்பில்லை என்றார் அவர். கேட்கச் சாந்தமாய் இருந்தது. ஆயினும் இது முந்தியதைவிடக் குறைந்த பிழையன்று. கட்டங்களில் விழும் எடையற்ற மணிகளைப் பற்றி ஓரளவு நிறுவப்பட்ட ஒன்றை, மழையில் ஊறிய மலைக்கும் அதன் அடியில் வேறிடமின்றி வீடு கட்டிய ஏழைக்கும் அவர் பொருத்திவிட்டார். சிகாகோவின் மணலுக்கே பொருந்தாதது திருவண்ணாமலைக்குப் பொருந்துமென்பதற்கு ஆதாரம் யாது? வீடு ஏன் அங்கே இருந்தது, எச்சரிக்கை எவ்வளவு முன்னே வந்தது, மழைநீர் வழிய வழி எங்கே என்னும் கேள்விகளுக்கு அடுக்கு விதி விடையன்று. லூக்காவின் அப்பகுதியும் கேட்டவர்களைச் சும்மா அனுப்பிவிடவில்லை. மனந்திரும்புதலை அவர்கள்மேலேயே வைக்கிறது.

மாணவர் இந்நூலை வாசிக்க வேண்டுமா எனில், வாசிக்கலாம் என்றே சொல்வோம். முதல் இரண்டு மூன்று இயல்களை மெதுவாகவும், மூளையையும் சந்தையையும் பற்றிய இறுதி இயல்களைச் சந்தேகத்தோடும் வாசிக்கட்டும். ஆங்கிலமும் கணிதமும் கைவந்தவர் 2006-இல் தர் எழுதிய தொகுப்புரையை அதன் பக்கத்தில் வைத்துக்கொள்வாராக. இரண்டும் இல்லாதவர்க்கு ஒரு கரித்துண்டும் ஒரு பிடி புளியங்கொட்டையும் போதும். தரையில் நான்கு கட்டங்கள் வரைந்து, வெறுமையிலிருந்து தொடங்கி, கொட்டைகளை ஒவ்வொன்றாய் எந்தக் கட்டத்திலாயினும் போட்டுச் சரியவிடுக. எல்லாக் கட்டங்களும் ஒருமுறையேனும் சரிந்தபின், பக்கத்திலுள்ள இரண்டு கட்டங்கள் ஒருங்கே வெறுமையாயிருக்கும் நிலை மறுபடி வரவே வராது. ஒன்று தன் கொட்டைகளைக் கொடுத்து வெறுமையாகும்போது பக்கத்துக் கட்டத்தில் ஒன்றேனும் விழுந்திருக்கும். பக்கத்துக் கட்டம் பின்னர்ச் சரிந்தால் இதற்கு ஒன்று திரும்பி வந்திருக்கும். திரும்ப வாராத 64 அமைப்புகளையும் காகிதத்தில் எழுதிப் பார்க்க நமக்கு ஒரு மாலைப்பொழுது பிடித்தது. ஆயினும் முதல் எண்ணிக்கையில் நமக்கு 61-தான் கிடைத்தது.